பதினேழாம் எண்

1991 ஆகஸ்ட் 9, ஜமைக்கா, போர்ட்லண்ட் கடற்கரை. கேடட் முகாமின் மாலை அணிவகுப்பில் முப்பத்திரண்டு எண்கள் அழைக்கப்பட்டன. முப்பத்திரண்டுக்கும் பதில் வந்தது.

அந்த மாலையை வைத்து ஒரு நாவல் வந்திருக்கிறது. பள்ளிப் பிள்ளைகள்கூடப் படிக்கிறார்கள். அதில் இருப்பது கற்பனை. நான் சொல்வது நடந்தது. பதினெட்டாம் எண் நான்தான்.

என் இடப்பக்கம் நிற்பவன் பதினேழு, எஸ்மண்ட் பின்னக். அன்று மூன்றரை மணிக்குக் கூடாரத்துக்குப் பின்னால் வந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

"டேய் நெவில், ஆத்தைத் தாண்டிப் போய் வறுத்த மீன் வாங்கிட்டு வரேன். லேட்டாச்சுன்னா எனக்கும் சேத்து நீயே கத்திடு."

"மாட்டினா தோலை உரிச்சிடுவாங்கடா."

"உன் தோல்ல உரிக்க என்னடா இருக்கு? ரெண்டு மீன் தலை உனக்கு. போதுமா?"

தலையாட்டினேன். வராதவனுக்காகப் பக்கத்தில் நிற்பவன் குரலை மாற்றிக் கத்துவது எங்களுக்குள் வழக்கம்.

மாலை 6.12. வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. இடப்பக்கம் காலி. சார்ஜன்ட் பட்டியலை வாசிக்க, கேப்டன் டேக்ரஸ் என்றும் இல்லாமல் எனக்கு நேர் எதிரே வந்து நின்றார். நாலடி தூரம். பயந்துவிட்டேன். எஸ்மண்ட் மாட்டினால் மாட்டட்டும் என்று வாயை இறுக மூடிக்கொண்டேன்.

"பதினாறு!"

"சார்!"

"பதினேழு!"

ஒரு மூச்சு நேரம் ஒன்றுமில்லை...

"சார்."

இடப்பக்கமிருந்து. எஸ்மண்டின் குரல். ஆனால் வாயில் தண்ணீரோடு பேசுவது போல...

அணியில் தலை திருப்பக் கூடாது. திருப்பவில்லை.

சொட்... சொட்...

என் இடது பூட்ஸ் நனைந்தது.

"பதினெட்டு!"

"சா... சார்!"

பட்டியல் சரியாக இருந்ததால் யாரும் தேடவில்லை. மறுநாள் காலை ஆற்று முகத்துவாரத்தில் எஸ்மண்ட் பிணமாகக் கிடைத்தான்.

விசாரணைக்கு முன் கேப்டனிடம் எல்லாவற்றையும் சொன்னேன், மீன் தலை உட்பட. அவர் என் தோளில் கை வைத்து, "நான் பாத்துக்கறேன்பா" என்றார். பிறகு விசாரணையில் எழுந்து நின்று சொன்னார்: "பதினேழுக்குப் பதில் சொன்னது இவன்தான். இவன் ஏமாத்தலைன்னா அன்னிக்கே தேடியிருப்போம்."

என்னைப் படையிலிருந்து நீக்கினார்கள். எஸ்மண்டின் அம்மா அதற்குப் பிறகு என்னிடம் பேசவே இல்லை. பன்னிரண்டு வருடம் கழித்து வந்த அந்த நாவலை எழுதியவரும் கேப்டன்தான். அதில் ஒருவன் இரண்டு மீன் தலைக்காக நண்பனைச் சாகவிடுகிறான்.

போன வருடம் கேப்டன் இறந்தார். அவருடைய முகாம் டைரியை அவர் மகள் எனக்கு அனுப்பிவைத்தாள். ஆகஸ்ட் 9ஆம் தேதிப் பக்கத்தில் மூன்று வரி:

'6.12. பதினெட்டு வாயைத் திறக்கவில்லை. பதினேழுதான் பதில் சொன்னான். தலைமுதல் கால்வரை ஈரம்.'

இறப்புச் சான்றிதழில் எஸ்மண்ட் இறந்த நேரம், மாலை நான்கு மணி.

நாவல் இப்போது ஆறாவது பதிப்பு.