ஜன்னலில் தொங்கிய நாலாவது டிஸ்க்

ஷாலினி சொன்ன பொய் மிகச் சின்னது. ஐரோலி ஆபீஸின் சாப்பாட்டு மேஜையில், டப்பாவின் மூடியைத் திறந்துகொண்டே சொன்னது.

"எங்க வீட்லயும் ப்ளேயர் இருக்கு சார்."

ஐந்து சொல். அவற்றைச் சொல்லும்போது அவளுக்குப் பயம் ஒன்றும் இல்லை. பயமெல்லாம் பிறகுதான் வந்தது.

அவளுக்கு இருபத்து மூன்று வயது. மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் கீழே ஓர் அறை, இரும்பு ஏணி வைத்து மேலே ஓர் அறை என்று வீடு. அப்பா பூலோகம், தாராவியில் ஒரு பட்டறையில் பெல்ட் கொக்கிகளுக்கு மெருகு போடுகிறார். அந்தக் குடும்பத்தில் பட்டம் வாங்கியது அவள் ஒருத்திதான். வேலை, இன்ஷூரன்ஸ் விண்ணப்பங்களின் ஸ்கேன் படங்களைத் திரையில் பார்ப்பது. பெயர் ஒத்துப்போகிறதா, போட்டோ ஒன்றுதானா, கையெழுத்து இருக்கிறதா என்று பார்த்து, 'சரிபார்த்தேன்' என்ற பொத்தானை அழுத்த வேண்டும். ஒரு நாளைக்கு நூற்று இருபது முறை. ஆறு மாதம் ஒப்பேற்றினால் வேலை நிரந்தரம். அந்த ஆறாவது மாதம்தான் இப்போது நடந்துகொண்டிருந்தது. டீம் லீடர் எழுதும் அறிக்கையைப் பொறுத்துத்தான் கடிதம் வரும்.

டீம் லீடர் வேங்கடசுப்ரமணியன். மாட்டுங்காவில் பிறந்து, செம்பூரில் வீடு வாங்கியவர். அவருக்கு ஒரே ஒரு பித்து உண்டு. விண்வெளித் தொடர்களை டிஸ்க்காக வாங்கிச் சேர்ப்பார். யாருக்கு எதை, எந்தத் தேதியில் இரவல் கொடுத்தார் என்பதற்கு ஒரு நீள நோட்டு வைத்திருந்தார். பேச்சுவாக்கில் அவர் ஒரு தொடரைச் சொல்ல, ஷாலினி, "அதுல கடைசில வெளியேர்ந்து கதவத் தட்டற சத்தம் கேக்குமே சார்" என்று சொல்லிவிட்டாள். உறைந்த நிலவொன்றின் அடியில், பனிக்குள் வசிக்கும் பதினான்கு பேரின் கதை அது. முதல் சீசனை அவள் சித்தி மகன் ஹரியின் போனில், உள்ளங்கை அளவுத் திரையில் பார்த்திருந்தாள்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "உன் வயசுல இதையெல்லாம் யாரும்மா பாக்கறா? ரெண்டாவது சீசன் இங்க எந்த ஆப்லயும் கெடையாது. என்கிட்ட டிஸ்க் இருக்கு. ப்ளேயர் வச்சிருக்கியோ?"

அப்போதுதான் அந்த ஐந்து சொல்.

மறுநாளே பெட்டி வந்தது. கறுப்பு அட்டை, உள்ளே நாலு டிஸ்க். ஏன் அப்படிச் சொன்னோம் என்று அவள் தாணே ரயிலில் தன்னையே கேட்டுக்கொண்டாள். இல்லை என்று சொன்னால் என்ன ஆகியிருக்கும்? ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் அந்த மேஜையில் இருந்த எல்லாருடைய வீட்டிலும் எல்லாம் இருந்தன. தன் வீட்டில் இல்லாததைச் சொல்ல ஆரம்பித்தால் எங்கே நிறுத்துவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

பெட்டியை மேல் அறையில் துணிமூட்டைக்குப் பின்னால் வைத்தாள். இணையத்தில் யார் யாரோ எழுதிய கதைச்சுருக்கங்களைப் படித்தாள். ஐந்தாவது எபிசோடில் டாக்டர் யாரிடம் பேசும்போதும் கையுறையைக் கழற்றுவதே இல்லை என்று ஒருவர் எழுதியிருந்ததை, தான் கண்டுபிடித்ததுபோல ஆபீஸில் சொன்னாள்.

"அட! நானே அத கவனிக்கலையேம்மா" என்றார் வேங்கடசுப்ரமணியன். "இந்தக் கண்ணு நம்ம வேலைக்கு வேணும்."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அந்தப் பாராட்டுக்குப் பிறகு அவருடைய மேஜையைத் தாண்டிப் போகவே கால் கூசியது.

வியாழக்கிழமை அவர் சொன்னார். "ஞாயித்துக்கிழமை பெட்டிய எடுத்துண்டு ஆத்துக்கு வந்துடு. கடைசி எபிசோட ஒண்ணா பாக்கலாம். அம்மிணி உன்னப் பாக்கணும்னு சொல்லிண்டே இருக்கா."

அன்று மாலை சயானில் இறங்கி வீட்டுக்கு வந்ததும் ஏணியேறிப் பெட்டியைத் திறந்தாள். மூன்று டிஸ்க்தான் இருந்தன. நாலாவதின் இடத்தில் வெறும் பிளாஸ்டிக் பல் நீட்டிக்கொண்டிருந்தது.

"அம்மா!"

கீழே அரிசி களைந்துகொண்டிருந்த ஆறுமுகத்தாய் நிமிர்ந்து பார்த்தாள். "என்னட்டி, இந்தக் கத்து கத்துத?"

"இந்த டப்பால இருந்த டிஸ்க் எங்க?"

"அதுவா? ஜன்னல்ல கெட்டிருக்கேன். புறாச் சனியன் அரிசி டிரம்மு மேலயே எச்சம் போடுது. ஹரி குடுத்த பாட்டு டிஸ்க்கெல்லாம் வெளுத்துப் போச்சு. இது பளபளன்னு இருந்துச்சு. நாலும் ஒண்ணு போலதான கெடந்துச்சு? ஒண்ணத்தான் எடுத்தேன்."

அந்தத் தெருவில் டிஸ்க் என்றால் அதற்குத்தான். பாதி ஜன்னல்களில் அது தொங்கும். வெயிலில் சுழன்று மின்னும். புறா கிட்டே வராது. டிஸ்க்குக்குள் படம் இருக்கும் என்று தெரிந்தவர்களும் அதைப் போட்டுப் பார்த்துப் பத்து வருஷமாகிறது.

ஜன்னல் கம்பியில், செப்புக் கம்பி கோத்து, நாலாவது டிஸ்க் தொங்கியது. ஒன்பது நாள். காற்றில் ஆடி ஆடிக் கம்பியில் உரசியிருந்தது. பளபளக்கும் பக்கத்தில் வளைவு வளைவாகச் சாம்பல் நிறக் கீறல்கள். ஓரத்தில் படிந்த தூசி.

ஷாலினி கம்பியை அவிழ்த்தாள். "ஐயோம்மா, இது எங்க சாரோடது. வேலையே போயிரும்மா."

"ஒரு தட்டுக்காகவா வேலைய புடுங்குவாவ?" என்றாள் ஆறுமுகத்தாய். ஆனால் மகளின் முகத்தைப் பார்த்ததும் அவள் குரல் இறங்கிவிட்டது. "நீ ஒரு வார்த்த சொல்லிருக்கக் கூடாதா? மூட்டைக்குப் பின்னால ஒளிச்சு வச்சா நான் என்னத்தக் கண்டேன்?"



வெள்ளிக்கிழமை, பக்கத்துச் சந்தில் தையல் வேலை செய்யும் ரஷீதா அக்காவிடம் போனாள். தன் கல்யாண வீடியோ பார்ப்பதற்காக அவள் ஒரு பழைய ப்ளேயரை வைத்திருந்தாள். டிஸ்க்கை உள்ளே விட்டார்கள். அது கரகரவென்று சுற்றியது. திரையில் 'டிஸ்க் இல்லை' என்று வந்தது. மறுபடி விட்டார்கள். மறுபடியும் அதுவே வந்தது.

"அரே, உள்ள இருக்கறதையே இல்லங்குதே" என்றாள் ரஷீதா. "உங்கப்பாட்ட குடு. கொக்கிய கண்ணாடியாக்கறவரு, இத ஆக்க மாட்டாரா?"

சனிக்கிழமை பூலோகம் பட்டறையிலிருந்து ஒரு துண்டுக் கம்பளித் துணியும், கடைசி மெருகுக்கு வைக்கும் வெள்ளைப் பசையும் கொண்டுவந்தார்.

"சக்கரத்துல வச்சா உருகிரும். கையாலதான் தேய்க்கணும்" என்றார். "இதுல எது முகம், எது முதுகு?"

ஷாலினி காட்டினாள். அவர் நடுத்துளையிலிருந்து விளிம்பு வரை நேராக இழுத்து இழுத்து ஒரு மணிநேரம் தேய்த்தார். படம் அழிகிறதா, கீறல் அழிகிறதா? பார்த்துச் சொல்ல அந்த வீட்டில் யாராலும் முடியாது. முடிந்தபோது டிஸ்க்கில் அவள் முகம் தெரிந்தது. ஓடுகிறதா என்று பார்க்கப் போனால் ரஷீதாவின் கதவில் பூட்டு. குர்லாவில் கல்யாணமாம், திங்கட்கிழமைதான் வருவாள்.

ஞாயிறு காலை, செம்பூர் பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இப்போதே போன் செய்து சொல்லிவிடலாமா? காய்ச்சல் என்று சொல்லலாமா? இன்னொரு பொய்யா? யோசித்து முடிப்பதற்குள் நிறுத்தம் வந்துவிட்டது.

கதவைத் திறந்தது அவருடைய மனைவி அம்மிணி. "வா, வா. இவர் காலம்பறலேர்ந்து மூணு தடவ டிவியத் தொடச்சாச்சு. என்னைப் பெண் பாக்க வந்தப்போகூட இத்தனை சிரத்தை இல்ல."

வேங்கடசுப்ரமணியன் பெட்டியை வாங்கி, நாலாவது டிஸ்க்கை எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். யார் எதைத் திருப்பித் தந்தாலும் அப்படித்தான் பார்ப்பார்.

"நான் கொடுத்தப்போ இருந்ததவிடப் பளிச்னு இருக்கே. தொடச்சயா?"

"ஆமா சார்."

ப்ளேயர் டிஸ்க்கை விழுங்கியது. திரையில் ஒரு சின்ன வட்டம் சுற்றியது. நிற்காமல் சுற்றியது. தெருவில் காய்கறி விற்பவன் குரல் கொடுத்துக்கொண்டே போய், தெருக்கோடியில் மறையும் வரை சுற்றியது. பிறகு சட்டென்று பனி மூடிய நிலவு எழுந்து வந்தது.

ஷாலினி அப்பாவின் விரல்களை நினைத்துக்கொண்டாள். தப்பித்துவிட்டோம் என்று நினைத்தாள். அம்மிணி கொண்டுவந்த காப்பியைக் கையில் வாங்கிக்கொண்டு, வாரக்கணக்கில் சுமந்த பெட்டிக்குள் என்னதான் இருந்தது என்று முதல்முறையாகப் பார்க்கத் தொடங்கினாள். பார்க்கப் பார்க்க, தான் எங்கே இருக்கிறோம் என்பதே மறந்துவிட்டது.

கடைசியில் அந்தப் பதினான்கு பேரின் கேப்டன் கதவைத் திறக்கப் போகிறாள். வெளியே யாரும் இருக்க மாட்டார்கள். அது ஷாலினிக்குத் தெரியும், படித்திருந்தாள். 'இதற்கு மேல் நீங்களே பாருங்கள்' என்று அந்தச் சுருக்கம் அதோடு முடிந்திருந்தது. கதவு மெல்லத் திறந்தது. வெளியே வெறும் பனி. கேப்டன் பெருமூச்சு விட்டாள். அப்போது தட்டும் சத்தம் மறுபடி கேட்டது, அவள் முதுகுக்குப் பின்னால், அறைக்குள்ளேயிருந்து. கேப்டன் திரும்பினாள். கையுறை இல்லாத டாக்டரின் கை திரை முழுக்க விரிந்தது.

"அம்மாடி!"

காப்பி அவள் மடியில் கொட்டியது. அம்மிணி கலகலவென்று சிரித்தாள். "ஐயோ, கொழந்தை பயந்தே போயிடுத்து!"

வேங்கடசுப்ரமணியன் சிரிக்கவில்லை. ரிமோட்டை எடுத்துப் படத்தை நிறுத்தினார். அந்தக் கை திரையில் அப்படியே நின்றது.

"நீ இத பாத்ததே இல்ல" என்றார். "தெரிஞ்சவா யாரும் கதவப் பாக்க மாட்டா. டாக்டரைத்தான் பாப்பா. நீ கதவையே பாத்துண்டிருந்த."

ஷாலினியிடமிருந்து எல்லாம் சேர்ந்து வந்தது. வீட்டில் ப்ளேயர் இல்லை, எப்போதும் இருந்ததில்லை. துணிமூட்டை, அம்மா, ஜன்னல், அப்பாவின் வெள்ளைப் பசை.

"அப்புறம் புறா வந்துதோ?" என்று அம்மிணி கேட்டாள்.

"வரல ஆன்ட்டி."

அம்மிணிக்குச் சிரிப்பு முட்டியது. கணவரின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டாள்.

"டிஸ்க் போனா போறது" என்றார் அவர். "ப்ளேயர் இல்லேன்னு சொல்லிருந்தா இங்க வந்து பாத்திருக்கலாம். அதில்ல விஷயம். நீ தினம் நூத்தியிருபது ஃபைல்ல 'சரிபார்த்தேன்'னு போடற."

"ஃபைலெல்லாம் பாத்துதான் போடறேன் சார்."

"அஞ்சாவது எபிசோடும் பாத்ததாத்தானே சொன்ன? நான் உன்ன மெச்சினேன்."

அவளால் நிமிர முடியவில்லை. எல்லாம் பார்த்துத்தான் போட்டோமா? அந்தக் கேள்வி வந்த மாத்திரத்தில் பதிலும் வந்துவிட்டது. போன மாதம் ஒரு சாயங்காலம். சர்வர் மெதுவாக இருந்தது. ஆறு நாற்பது வண்டியை விட்டால் தாணேயில் நிற்க இடம் கிடைக்காது. சொல்லாவிட்டால் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. ஆயிரக்கணக்கான ஃபைல்களில் அது எங்கே அகப்படும்?

"சார்" என்றாள். தன் குரலே அவளுக்கு அந்நியமாகக் கேட்டது. "போன மாசம் பதினேழாம் தேதி, கடைசி பதினோரு ஃபைல்ல போட்டோ மட்டும்தான் பாத்தேன். கையெழுத்து பாக்கல."

வேங்கடசுப்ரமணியன் எழுந்து போய் அந்த நீள நோட்டை எடுத்து வந்தார். இரவல் பக்கத்தில் அவள் பெயருக்கு எதிரே கோடு இழுத்து அடித்தார். பிறகு கடைசிப் பக்கத்தைத் திருப்பினார்.

"பதினேழா?"

"ஆமா சார்."

"பதினொண்ணா?"

"ஆமா."

எழுதினார். கடிதத்தைப் பற்றி ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. அவளுக்குக் கேட்கத் துணிவில்லை. அவர் நாலாவது டிஸ்க்கை வெளியே எடுத்து, விளிம்பைப் பிடித்து இன்னொரு தடவை வெளிச்சத்தில் சாய்த்தார்.

"உங்கப்பா நல்ல வேலக்காரர்" என்றார்.

பிறகு பெட்டியிலிருந்து முதல் டிஸ்க்கை எடுத்துப் போட்டார். "ஒரு எபிசோட் பாத்துட்டுப் போ. என்ன பாத்தேன்னு நாளைக்கு ஆபீஸ்ல நான் கேப்பேன்."

அம்மிணி ஈரத் துணி கொண்டுவந்து அவளிடம் கொடுத்தாள். ஷாலினி மடியைத் துடைத்துக்கொண்டு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். நாளை என்ன கேட்பார், மாதக் கடைசியில் என்ன எழுதுவார், அம்மாவிடம் போய் என்ன சொல்வது, எதுவும் தெரியவில்லை. திரையில் பனிக்கு அடியில் ஒரு விளக்கு எரிந்தது. எங்கிருந்தோ தட்டும் சத்தம் கேட்டது.

இம்முறை அவள் டாக்டரின் கையைப் பார்த்தாள்.