கிளியரிங் அண்ணனும் கறுப்பு அங்கியும்

யார் வீட்டுக்குள் நுழைந்தாலும் அவர் முதலில் பார்ப்பது சுவரைத்தான். கறுப்பு அங்கியும் சதுரத் தொப்பியுமாக, கையில் சுருட்டிய காகிதத்துடன் யாராவது சட்டத்துக்குள் சிரித்துக்கொண்டிருந்தால் போதும், வந்த வேலை மறந்துவிடும். மூக்கு படத்தின் கண்ணாடியில் முட்டுகிற அளவுக்கு நெருங்கி நிற்பார். "அங்கி வாடகையா, சொந்தமா?" என்பார். வாடகை என்று தெரிந்தால் முகத்தில் ஒரு நிம்மதி. "அதானே பாத்தேன். தோள்பட்டை தொங்குது."

துறைமுகத்தில் இவருக்குக் கிளியரிங் அண்ணன் என்று பெயர். சுங்கத் தரகர் ஒருவரிடம் குமாஸ்தா. கப்பலில் வந்து இறங்கும் சரக்கு எந்த வரித் தலைப்பில் சேரும் என்று முடிவு செய்வது, தாள்களைத் தயாரிப்பது, அதிகாரி முன்னால் பெட்டியைப் பிரித்துக் காட்டுவது எல்லாம் இவர் பாடு. கடைசிக் கையெழுத்து மட்டும் முதலாளியுடையது. உரிமம் அவரிடம் அல்லவா இருக்கிறது? அந்த உரிமத்துக்குத் தேர்வு எழுத வேண்டுமென்றால் கையில் ஒரு பட்டம் இருக்க வேண்டும். அண்ணன் பன்னிரண்டாம் வகுப்போடு நின்றவர்.

"என்ன பட்டம்னு கேக்கறானா பாருங்க? கேக்க மாட்டான். ஏதோ ஒண்ணு. பாட்டுல வாங்கியிருந்தாலும் சரி, சமையல்ல வாங்கியிருந்தாலும் சரி, வாங்க வாங்கம்பான். எனக்கு மட்டும் கேட்டை மூடுவான்!" என்று டீக்கடையில் தினமும் ஒரு கூட்டம் போடுவார். முயற்சி செய்யாதவர் என்று சொல்லிவிட முடியாது. ஒரு காலத்தில் அஞ்சல் வழியில் வணிகவியல் சேர்ந்தார். புத்தகங்கள் கட்டாக வந்து சேர்ந்தன. ஊரார் பெட்டியையெல்லாம் பிரித்துக் காட்டுகிற மனிதர், தன் பெயருக்கு வந்த அந்த ஒரு கட்டை மட்டும் பிரிக்கவே இல்லை. இப்போது அது பீரோவின் நொண்டிக் காலுக்கு முட்டுக் கொடுக்கிறது.

பேனா விஷயத்தில் ரொம்பக் கறார். யார் கேட்டாலும், அதிகாரியே கேட்டாலும், மூடியைக் கழற்றித் தன் பையில் வைத்துக்கொண்டு வெறும் பேனாவைத்தான் நீட்டுவார். "மூடியோட குடுத்தா பேனா அங்கேயே குடித்தனம் பண்ணப் போயிடும்ங்க. மூடி இங்க இருந்தா தன்னால திரும்பி வரும்."

இத்தனைக்கும் அவர் ஏங்கிய பட்டம் அவர் வீட்டுக்குள்ளேயே இருந்தது. மனைவி தாவரவியல் பட்டதாரி. அங்கி போட்ட படம் கூடத்தில் தொங்குகிறது. அதே ஆணியில், சரியாக முகத்தை மறைக்கிற மாதிரி, நாள்காட்டியை மாட்டி வைத்தவர் அண்ணன்.

போன வருடம் அவருக்கு ஒரு யோசனை உதித்தது. "பேரு உன்னுது, வேலை என்னுது. சும்மா போய் எழுதிட்டு வாம்மா" என்று வரித் தலைப்புப் புத்தகத்தைக் கொண்டுவந்து மனைவி மடியில் வைத்தார். அம்மாள் சும்மா எழுதிவிட்டு வரவில்லை, படித்துவிட்டுப் போய் எழுதினார். முதல் தடவையிலேயே தேறியும் விட்டார்.

அன்று பிடித்தது அண்ணனுக்கு வயிற்றெரிச்சல். மருந்துக்கடைக்காரர் மருந்து கொடுக்கக்கூடிய ரகம் அல்ல. வாழ்த்த வந்தவர்களை வாசலிலேயே மடக்கினார். "எழுத்துத் தேர்வுதான் ஆச்சு. நேர்முகத்துல தோலை உரிச்சிடுவாங்க." பரிமாறிக்கொண்டே அம்மாள் ஏதாவது சரியாகச் சொல்லிவிட்டால், "புத்தகத்துல அப்படி. துறைமுகத்துல வேற" என்பார். வேறு எப்படி என்று கேட்டால் தண்ணீர் குடிப்பார்.

"பூவை ரெண்டா வெட்டிப் பாத்தவளுக்கு உரிமம். பெட்டியத் தட்டிப் பாத்தே உள்ள என்னன்னு சொல்றவன் அவகிட்ட குமாஸ்தா!" என்று என்னிடம் முறையிட்டார். குரலில் ஒரு துளி பெருமையும் கலந்திருந்ததோ என்று சந்தேகம். கேட்கவில்லை. அடுத்த வீட்டில் குடியிருப்பவன் எல்லாவற்றையும் கேட்டுவிட முடியாது.

நேர்முகத்துக்கு முந்தின மாலை, நடுச்சுவரைத் தாண்டி வந்த பேச்சை மட்டும் கேட்டேன்.

"என்னங்க, ஒரு சந்தேகம். மடக்கினா ஊணி நடக்கலாம், விரிச்சா மேல உக்காரலாம். அப்படி ஒரு கைத்தடி இருக்காமே? அதை நாற்காலியில சேக்கறதா, தடியில சேக்கறதா?"

அண்ணன் தன் காலத்தில் அந்த மாதிரி எத்தனையோ கட்டு இறக்கியவர். தண்ணீர் குடிக்கிற சத்தம் கேட்டது.

"நாற்காலி" என்றார்.

"நிச்சயமாவா?"

"உக்கார்றோம்ல? அப்புறம் என்ன! நாற்காலிதான்."

காலையில் அம்மாள் ஆட்டோவில் ஏறியாயிற்று. வண்டி தெருமுனையில் திரும்பப் போகும்போது, பொத்தான் போடாத சட்டையும் பாதிச் சவரமுமாக அண்ணன் பின்னாலேயே ஓடினார். "தடி! ஏய், தடி!" பால் வாங்க வந்த இரண்டு பேர் நின்றுவிட்டார்கள், கட்டின பெண்டாட்டியை நடுத்தெருவில் இப்படியா திட்டுவது என்று. வண்டியும் நின்றது.

"அது தடிம்மா" என்றார் மூச்சு வாங்க. "நாற்காலி இல்ல. கேட்டா தடின்னு சொல்லு."

"தெரியும்" என்றார் அம்மாள். "புத்தகத்துலயே போட்டிருக்கே."

"அப்புறம் எதுக்கு என்னைக் கேட்ட?"

"நீங்க எப்ப சொல்றீங்கன்னு பாத்தேன்." அம்மாள் கையை வெளியே நீட்டினார். "சரி, உங்க பேனாவக் குடுங்க. அங்க கையெழுத்துப் போடணும்."

அண்ணன் ஆட்டோக்காரரைப் பார்த்தார். பால் வாங்க வந்தவர்களைப் பார்த்தார். பையிலிருந்து பேனாவை எடுத்தார். மூடியைக் கழற்றித் தன் பையில் பத்திரமாகப் போட்டுக்கொண்டு, வெறும் பேனாவை நீட்டினார்.