தேவேந்திரனின் பத்தொன்பதாயிரம் கரைகள்

மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரக் குப்பத்தில் இருக்கும் தேவேந்திரனிடம் மீன் கேட்டால் கொடுப்பார். எங்கே பிடித்தது என்று மட்டும் கேட்கக் கூடாது. கேட்டால், "அங்கதான், தண்ணில" என்பார். நாற்பத்தொன்பது வயது. மற்றபடி நல்ல மனிதர். கல்யாணமோ கருமாதியோ, முதல் ஆளாக வந்து நிற்பார். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவர் வாயைத் திறக்க வைக்க ஆண்டவனாலும் ஆகாது.

அப்படிப்பட்டவருக்குப் போட்டோப் பைத்தியம் என்றால் யார் நம்புவார்கள்? எட்டு வருடமாக, கடலுக்குப் போகும்போதெல்லாம் செல்போனை எடுத்துக் கரையைப் பார்த்துப் படம் பிடிப்பார். வடமேற்கே ஒன்று, தென்மேற்கே ஒன்று. பெண்டாட்டி பரிமளாவின் முகம் அந்தப் போனில் மூன்றே மூன்று படத்தில்தான் இருந்தது. அதில் ஒன்றில் கண்ணை வேறு மூடியிருந்தாள்.

ஊர்ப்பாசம் என்று நினைத்துவிட வேண்டாம். எல்லாம் தொழில். கடலுக்கு அடியில் அங்கங்கே பாறைத் திட்டுகள் உண்டு. பார் என்பார்கள். சங்கரா மீனும் களவா மீனும் அதைச் சுற்றித்தான் மேயும். மேலே பார்த்தால் எல்லாம் ஒரே தண்ணீர்தான், அதனால் கரையை வைத்துத்தான் இடம் பிடிக்க வேண்டும். இந்தப் பக்கம் ஓட்டல் தண்ணீர்த் தொட்டிக்கு நேர் பின்னால் லைட் ஹவுஸ் வர வேண்டும். அந்தப் பக்கம் செல்போன் டவர் சவுக்குத் தோப்பின் நுனியைத் தொட வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் அமைந்துவிட்டால் படகு நிற்பது பார் மேல்.

படகில் ஜிபிஎஸ் பெட்டி இல்லாமல் இல்லை. அதில் ஏற்றி வைத்தால் கூட வரும் ஆட்கள் எட்டிப் பார்த்துவிடுவார்கள். கரைப் படத்தை எவன் பார்த்தாலும் அவனுக்கு அது வெறும் கரைதான். இப்படி ஒரு யோசனை தோன்றியதற்காகத் தேவேந்திரன் தன்னைத்தானே பலமுறை மெச்சிக்கொண்டதுண்டு.

எல்லாரையும்விட அவர் பயந்தது பரிமளாவின் அண்ணன் மாரிக்குத்தான். மாரி தன் படகைக் கிளப்பிக்கொண்டு இவர் பின்னாலேயே வருவார். இவரும் விடாக்கண்டன். வேண்டுமென்றே பார் இல்லாத வெறும் மணல்மேல் நிறுத்தி, அரைநாள் தூண்டில் போட்டு, மச்சானை வெறுங்கையோடு திருப்பி அனுப்பியிருக்கிறார். அந்த மாரியின் மகனுக்குத்தான் தன் மகள் ஹரிப்ரியாவைத் தை மாதம் கொடுப்பதாக நிச்சயம் ஆகியிருந்தது. பெண்ணைத்தான் கொடுக்கிறோம், பாரையா கொடுக்கிறோம் என்று தேவேந்திரன் மனதைத் தேற்றிக்கொண்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. கல்யாணப் பத்திரிகையின் மாதிரியை அச்சகத்துக்காரர் போனில் அனுப்பியிருந்தார். அது இறங்கவே இல்லை. போனில் இடமில்லை. ஹரிப்ரியா செங்கல்பட்டில் ஒரு ஸ்கேன் சென்டரில் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவள். அப்பாவின் போனை வாங்கிக்கொண்டு போய் மூலையில் உட்கார்ந்தாள். பந்தல் விஷயம் பேச வந்த மாரியைப் பரிமளா சாப்பிட உட்கார வைத்தாள். தேவேந்திரனும் எதிரில் உட்கார்ந்தார்.

"நைனா, பத்தொம்போதாயிரம் போட்டோ கீது உன் போன்ல! எல்லாம் ஒரே கரை. சட்டை ஜோபில கெடந்து தானா அமுங்கிகினு இருந்துக்குது போல. அத்தினியும் தூக்கிட்டேன். இப்போ போன் பறக்குது பாரு" என்றாள் பெருமையாக.

தேவேந்திரன் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தார். எதிரில் மாரி. திருடனுக்குத் தேள் கொட்டின கதைதான். "இன்னாத்துக்கு..." என்று ஆரம்பித்தார். மாரி நிமிர்ந்து பார்த்தார். "இன்னாத்துக்கு நீ இன்னும் சாப்பிடாம கீற?" என்று மகளிடம் முடித்தார்.

"போனா போவுது வுடு மச்சான்," என்றார் மாரி மீன் முள்ளை எடுத்துக்கொண்டே. "கரை எங்க போவப்போவுது? காலைல எழுந்தா அங்கதான் கீது."

அடுத்த இரண்டு நாள் தேவேந்திரன் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. அன்றாடம் போகும் பத்துப் பன்னிரண்டு இடம் அவருக்கு மனப்பாடம். வருடத்துக்கு ஒருமுறை, நீரோட்டம் மாறும்போது மட்டும் போகும் இடங்கள்தான் தொலைந்துவிட்டன. எந்தத் தோப்பு எந்தக் கூரைக்கு நேர் என்று யோசித்து யோசித்துத் தலை கனத்தது. வாய்விட்டு அழலாம் போல இருந்தது. அழுதால் ஏன் என்று பரிமளா கேட்பாள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஹரிப்ரியா செங்கல்பட்டு பஸ்ஸில் வந்து இறங்கியபோது தேவேந்திரன் நிறுத்தத்திலேயே நின்றிருந்தார். இருவரும் மணலில் நடந்தார்கள்.

"அழிச்சது அழிஞ்சதுதானா?" என்றார்.

"இல்ல நைனா, முப்பது நாளு குப்பைத்தொட்டில கெடக்கும். திருப்பி எடுக்கலாம். இன்னாத்துக்கு?"

"இல்ல, கரை... பாக்க நல்லா கீதுன்னு."

அவள் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். வலைகளின் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் மீட்டாள். "இப்புடியே வுட்டா மறுபடியும் பேஜாருதான். எடவாரியா பிரிச்சு என் கம்ப்யூட்டர்ல ஏத்தி வெக்கிறேன், உன் போன்ல நல்லதா ரெண்டு ரெண்டு இருக்கட்டும்" என்று வரைபடத்தைத் திறந்தாள்.

படத்தோடு எடுத்த இடமும் பதிந்துவிடும் என்பது தேவேந்திரனுக்குத் தெரியாது. செங்கல்பட்டில் ஒரு புள்ளி, திருக்கழுக்குன்றத்தில் ஒரு புள்ளி. மீதி அத்தனையும் கடலின் நீலத்தில், கொத்துக் கொத்தாக. ஹரிப்ரியா குப்பத்தில் பிறந்தவள். அவளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. ஒரு கொத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"எல்லாம் பாரா நைனா?"

அவர் சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தார். "இது யார் யாருக்குத் தெரியும்?"

"இப்போ எனக்குத் தெரியும்."

மாரி வீட்டு மருமகளாகப் போகிறவளுக்கு! அவள் முதல் கொத்தைத் தொட்டு, "இதுக்குப் பேரு வெக்கணும், இன்னான்னு போடட்டும்?" என்றாள். சொல்லலாமா வேண்டாமா என்று அவர் தவித்த தவிப்பு அவருக்குத்தான் தெரியும். கடைசியில் "களவா மேடு" என்றார்.

ஒன்று சொன்ன வாய் அப்புறம் நிற்கவில்லை. எட்டு வருடம் அடைத்து வைத்ததல்லவா! டீசல் தீர்ந்த எடம். மழையில மாட்டினது. ஒன்றுக்குப் 'பரிமளா சண்டை' என்று பெயர். அவளோடு சண்டை போட்டுக்கொண்டு திக்குத் தெரியாமல் படகை விட்டபோது கிடைத்தது. ஹரிப்ரியா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மகளோடு இப்படி உட்கார்ந்து பேசி எத்தனை நாள் ஆயிற்று என்று தேவேந்திரன் எண்ணிப் பார்த்தார். வெட்கமாக இருந்தது.

அன்றும் மறுநாள் சாயங்காலமும் உட்கார்ந்து நாற்பத்தாறு இடத்துக்குப் பெயர் வைத்து முடித்தார்கள்.

"பயப்படாத நைனா. மாமா கேட்டாலும், அவரு புள்ள கேட்டாலும் ஒண்ணுத்தையும் சொல்ல மாட்டேன். சத்தியமா."

அவர் போனை வாங்கி, கட்டைவிரலால் மேலும் கீழும் தள்ளிக்கொண்டிருந்தார். பிறகு 'களவா மேடு' என்ற இடத்தில் நிறுத்தி அவளிடம் நீட்டினார். நாற்பத்தாறிலும் அதுதான் வளமான இடம். குடும்பம் பாதி வருடம் அதில்தான் ஓடியது.

"இத உன் போன்ல ஏத்திக்க. தாலி கட்டி அந்த வூட்டுக்குள்ள போனதும் உன் மாமனாருகிட்ட காட்டு. அவரு கேக்கறதுக்கு முன்னாடி நீயே காட்டணும். நைனா குடுத்தாருன்னு சொல்லு."

ஹரிப்ரியா போனையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்போ மாமாவும் நீயும் ஒரே எடத்துலயா போடுவீங்க?"

"நான் அங்க போவ மாட்டேன்," என்றார் தேவேந்திரன். "பொண்ணுக்குக் குடுத்த எடத்துல போயி நானே தூண்டில் போட்டா, அது குடுத்ததா?"