அக்னி மூலையில் மூச்சு முட்டிய கம்பிரசர்

வல்லம் வடகாலுக்கு யாரும் ஊர் சுற்றிப் பார்க்கப் போவதில்லை. நான் போனதும் வயிற்றெரிச்சலோடுதான். மே மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. அங்கே வண்டி உதிரிபாகம் செய்கிற ஒரு தொழிற்சாலையில், இரண்டு உற்பத்தி லைனுக்கும் அழுத்தக் காற்று கொடுக்கிற பெரிய சென்ட்ரிஃபியூகல் கம்பிரசர் மதியமானால் படுத்துவிடுகிறதாம். கம்பிரசர் கணக்குப் பார்ப்பதுதான் என் பிழைப்பு, அதனால் மேனேஜர் போன் செய்தார். "மிஷின் சத்தம் போட்டா ஆபரேட்டர் பொண்ணு பயந்துபோய் வால்வைத் திறந்து காத்தை வெளிய விட்டுடுது சார். மிஷின் நல்லா இருக்குன்னு நீங்க எழுதிக் குடுத்தா, அந்தப் பொண்ணை வேலைய விட்டு நிறுத்திடலாம்." கேட்டீர்களா? தீர்ப்பை எழுதி வைத்துக்கொண்டு விசாரணைக்கு ஆள் கூப்பிடுகிறார்.

தாம்பரத்தில் காலை ஏழு மணி பஸ். படப்பை பதினைந்து கிலோமீட்டருக்குள்தான், ஆனால் முக்கால் மணி நேரம் தின்றுவிட்டது. ஒரகடத்தில் இறங்கி ஷேர் ஆட்டோ, முப்பது ரூபாய். எந்தக் கம்பெனி என்று சொன்னதும் டிரைவர், "இன்னா சார், வாஸ்து பாத்து கேட்டை மாத்திக்கினே இருப்பாங்களே, அதுவா?" என்றார். சிரித்துவைத்தேன். உள்ளே போனபிறகு அந்தச் சிரிப்பு போய்விட்டது.

ஏனென்றால் கேட்டை மட்டும் மாற்றவில்லை, கம்பிரசரையும் மாற்றியிருக்கிறார்கள். நல்ல காற்றோட்டமான வடகிழக்கில் இருந்த மிஷினை, சூடான பொருள் ஈசானிய மூலையில் ஆகாது என்று வாஸ்துக்காரர் சொன்னதால், பொங்கலுக்கு அப்புறம் பெயர்த்து தென்கிழக்கு அக்னி மூலையில் வைத்துவிட்டார்கள். அங்கே ஏற்கெனவே பாய்லர் இருக்கிறது, பெயின்ட் அடுப்பின் அனல் புகைக்குழாயும் இருக்கிறது. அந்தக் குழாய்க்கு எதிரிலேயே கம்பிரசரின் காற்று உறிஞ்சும் வாய்! தெர்மாமீட்டரை நீட்டினேன். வெளியே நிழலில் 39 டிகிரி. மிஷினின் வாயில் 51. அது செய்யப்பட்டதோ 35 டிகிரிக் காற்றுக்கு. அடப்பாவிகளா, மனிதனையே அங்கே நிற்க வைத்தால் மூச்சு முட்டும்.

ஆபரேட்டர் ஸ்டெல்லா மண்ணூர்க்காரர், டிப்ளமோ படித்தவர். இந்தச் சம்பளத்தில்தான் தம்பியின் காலேஜ் ஃபீஸ் போகிறதாம். "நான் திறக்கல சார், அதை மட்டும் எழுதிக் குடுங்க" என்றார். பழைய பேனல் என்பதால் வால்வை யார் திறந்தது என்று அதில் பதிவாகாது. அவர் சொல்வதை நம்ப அங்கே ஒருத்தர்கூட இல்லை.

கணக்கு இதுதான். மிஷின் இழுப்பது காற்றின் கனஅளவை, எடையை அல்ல. காற்று சூடானால் லேசாகிவிடும். 35-இலிருந்து 51 ஆனதற்கு எடையில் நூற்றுக்கு ஐந்துதான் குறையும், அதைச் சமாளித்துவிடலாம். வில்லங்கம் வேறு இடத்தில் இருக்கிறது. லேசான காற்றை அதே ஏழு கிலோ பிரஷருக்குத் தள்ள மிஷினுக்குத் தெம்பு போதாது. லைனில் தேவை கொஞ்சம் குறைந்தால் போதும், காற்று முன்னால் போகாமல் திரும்பி வந்து மிஷினையே உதைக்கும். சர்ஜ் என்பார்கள். உதை விழுந்ததும் வால்வு தானாகத் திறந்து மிஷினைக் காப்பாற்றும், அந்த நேரத்தில் ஓடுகிற லைன் காற்றில்லாமல் தவிக்கும்.

தேவை எவ்வளவு குறைந்தால் சர்ஜ் வரும் என்று தயாரிப்பாளர் 35 டிகிரிக்குப் போட்டுக் கொடுத்திருந்த வரைபடத்தை 51-க்கு மாற்றி வரைந்து பார்த்தேன். இரண்டு லைனில் ஒன்று சாப்பிடப் போனாலே மிஷின் சர்ஜில் விழும் என்று வந்தது. முதல் லைனுக்குப் பன்னிரண்டரைக்குச் சாப்பாடு. அந்த நேரத்தில் மூன்று பேரும் கன்ட்ரோல் ரூமில் நிற்போம், யாரும் எதையும் தொட வேண்டாம் என்றேன். மேனேஜர் வாட்சைப் பார்த்தபடி வந்தார். ஸ்டெல்லா கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

பத்து நிமிடம்கூட ஆகவில்லை. தொம்மென்று ஒரு உதை, தரை அதிர்ந்தது, வால்வு திறந்து காற்று பீறிட்டது. திரும்பிப் பார்த்தால் மேனேஜரைக் காணோம். கதவைத் தாண்டி பாய்லர் பக்கம் நின்றுகொண்டிருந்தார்.

ஸ்டெல்லா கையைப் பிரிக்கவே இல்லை. "உள்ள வாங்க சார். தானா மூடிக்கும். தினம் இப்படித்தான் பண்ணிக்கினு கீது" என்றார்.

வடக்குச் சுவரிலிருந்து குழாய் போட்டு வெளிக்காற்றை இழுக்கச் சொன்னேன், மிஷின் வேண்டுமானால் அக்னி மூலையிலேயே இருக்கட்டும். முதலாளி மனசு நோகும், ரிப்போர்ட்டில் வாஸ்து பேச்சு வேண்டாமே என்று குழைந்தார் மேனேஜர். சரி என்றேன். ஆனால் வால்வைத் திறந்தது மிஷின், ஆபரேட்டர் அல்ல என்பதை முதல் வரியாக அங்கேயே எழுதி, மேனேஜரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் எழுந்தேன். ஸ்டெல்லா வேலையில் இருக்கிறார். அவரிடம் மன்னிப்புக் கேட்டார்களா என்கிறீர்களா? "சரிம்மா, போய் வேலையைப் பாரு." அவ்வளவுதான். எனக்கு இன்னும் ஆறவில்லை.

அந்தப் பக்கம் போகிறவர்கள் மாலை நாலரைக்குள் கிளம்பிவிடுங்கள், அப்புறம் ஷிஃப்ட் பஸ்கள் ரோட்டை அடைத்துவிடும். காற்று போதவில்லை என்று யார் கூப்பிட்டாலும் முதலில் மிஷினின் வாயில் தெர்மாமீட்டரை நீட்டுங்கள், பழி போட ஆள் தேடாதீர்கள். காதடைப்பான் இரண்டு ஜோடி கொண்டுபோங்கள். ஒன்று உங்களுக்கு, இன்னொன்று மேனேஜருக்கு. ஆபரேட்டருக்குத் தேவைப்படாது.