தீவைச் சுற்றிய சேவா காடி

வெயிலில் கொதித்துக் கிடந்த ரெக்சின் சீட்டில் அரைக்கால் சட்டையோடு உட்கார்ந்தால் தொடை ஒட்டிக்கொள்ளும், எழுந்தால் தோல் உரிகிற மாதிரி ஒரு சத்தம் வரும். அந்தச் சூடும், பெட்ரோல் வாடையும், முன்னால் யாரோ சிந்திவிட்டுப் போன காப்பியின் புளிப்பும் சேர்ந்ததுதான் எனக்குப் பினாங்குத் தீவு. அதற்குப் பிறகு எத்தனையோ "காடி" ஓட்டிவிட்டேன், காரை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். நாலாம் வகுப்போடு படிப்பை விட்டவன், இன்றைக்கு ஜொகூரில் பதினாலு லாரிக்கு முதலாளி, அதில் ஒன்றுகூட எவன் தயவிலும் வந்ததில்லை. பட்டென்று முடிவெடுப்பேன், அதுதான் என் மூலதனம் என்று கல்யாண வீடுகளில் மைக்கைப் பிடித்தே சொல்லியிருக்கிறேன். ஆனால் பட்டென்று நான் எடுத்த முதல் முடிவு அந்தக் காடிக்குள் எடுத்தது. அதை எந்த மைக்கிலும் சொன்னதில்லை.

எனக்கு அப்போது ஒன்பது வயது. சிகாமட் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் அப்பா ரப்பர்ப் பால் ஏற்றுகிற லாரி ஓட்டினார். அதற்கு முந்தின வருஷம், தோட்டத்துக்குக் கரண்டுக் கம்பி இழுக்க வந்த பினாங்கு ஆள் ஒருவனோடு என் அக்கா பாக்கியம் போய்விட்டாள். சாதி வேறு. மறுநாள் காலையில், லயத்து வரிசை வீட்டுச் சனமெல்லாம் தண்ணீருக்கு நிற்கிற நேரமாகப் பார்த்து, அப்பா பொதுக் குழாயடியில் உட்கார்ந்து வாளி வாளியாகத் தலையில் ஊற்றிக்கொண்டு, "மவளத் தல முழுகிட்டேன், எல்லாரும் பாத்துக்குங்க" என்றார். அப்படிச் சொல்லிவிட்டால் எங்கள் சனத்தில் அந்தப் பிள்ளை செத்த பிள்ளை. பேரை எடுக்கக் கூடாது, தேடிப் போகவும் கூடாது. ஈரத்தோடு உள்ளே வந்து பாராங் கத்தியை எடுத்துக்கொண்டு, "கண்ணுல பட்டா ரெண்டா வெட்டிப் போடுவேன்" என்றும் கத்தினார். நான் பிடித்துக்கொண்டது அந்தப் பேச்சைத்தான்.

மறு வருஷப் பள்ளி விடுமுறையில் "பினாங்குக்கு ஓலிடே போறோம்" என்று அப்பா சொன்னபோது லயமே வாயைப் பிளந்தது. "என்னா கருப்பையா, தொரையே எப்பவாச்சும்தான் போறாரு, நீ காடி எடுத்துத் தீவச் சுத்தப் போறியா? பெரிய ஆளுதான் லா!" என்று பக்கத்து வீட்டு முனியாண்டி மாமா சீண்டினார். "எம் புள்ளைக்குக் கடலக் காட்டணும்" என்றார் அப்பா. நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

ரயிலில் பட்டர்வொர்த் போய், ஃபெரியில் தீவுக்கு இறங்கி, தவுக்கே என்கிற சீன முதலாளி ஒருவரிடம் அப்பா ஒரு நாள் வாடகைக்குப் பச்சை நிறக் காடி ஒன்றை எடுத்தார். அதைத்தான் "சேவா காடி" என்போம். கடலைக் காட்டப் போகிறேன் என்றவர் கடற்கரையில் ஐந்து நிமிஷம் நிற்கவில்லை. கோயில் வாசல், சாப்பாட்டுக் கடை, கூலிக்காரர் வீட்டு வரிசை என்று தமிழ் முகம் தெரிகிற இடமெல்லாம் காடி மட்டும் மெதுவாகும், யாராவது எங்களை உற்றுப் பார்த்தால் உடனே வேகமெடுக்கும். அம்மா மடியில் ஒரு முறுக்கு டின். கை நீட்டினால், "ஒனக்கில்லடா" என்று தட்டிவிடுவார். எனக்கு மூளை இருந்தது, புரிந்துவிட்டது. அப்பா அக்காவைத் தேடுகிறார், வெட்டத்தான். பாராங் பின்னால் சாமான் பெட்டிக்குள் இருக்குமோ என்று திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

தெலுக் பஹாங் தாண்டி மலை வளைவுகளில் ஏறி இறங்கி பாலிக் பூலாவுக்கு வந்தோம். சாலையோரம் பாயில் ஜாதிக்காய் காய்ந்துகொண்டிருந்தது. குனிந்து அதைப் புரட்டிக்கொண்டிருந்தவள் காடிச் சத்தத்துக்கு நிமிர்ந்தாள். அக்கா. நிறைமாசமாக இருந்தாள். என்னைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், இடுப்பில் கை வைத்து எழப் பார்த்தாள்.

"அப்பா, அந்தப் பக்கம் பாருங்க, கொரங்கு!"

அப்பா சட்டென்று எதிர்ப்பக்கம் முகத்தைத் திருப்பினார், அம்மாவும் திருப்பினார். காடி அவளைக் கடந்துவிட்டது. பின்கண்ணாடி வழியாகப் பார்த்தேன், நடுச் சாலையில் நாலு எட்டு ஓடி வந்து நின்றுவிட்டாள். "எங்கடா கொரங்கு?" என்றார் அம்மா. ஓடிப்போச்சு என்றேன். ஓர் உயிரைக் காப்பாற்றிவிட்டேன் என்று எனக்கு உள்ளே பெருமை தாங்கவில்லை.

திரும்புகிற ஃபெரியில் அம்மா முதல் தடவையாக அப்பாவிடம் அக்கா பேச்சை எடுத்தார்.

"ஒரு எடத்துலயாச்சும் எறங்கிக் கேட்டீங்களா?"

"என்னான்னு கேக்க? தல முழுகினவன் யாரத் தேடுறேன்னு திருப்பிக் கேப்பான்ல" என்ற அப்பா, கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரையே பார்த்தார். "இந்தத் தீவுல அவ இல்ல. இருந்திருந்தா கையப் புடிச்சுக் கூட்டியாந்திருப்பேன்."

அழுதார். அப்பா அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். அப்போதே சொல்லியிருந்தால் அதே ஃபெரியில் திரும்பியிருப்போம். தோலை உரித்துவிடுவார் என்ற பயத்தில் வாயை மூடிக்கொண்டேன். அப்புறம் ஒவ்வொரு வருஷமும் சொல்வது இன்னும் கஷ்டமாகிக்கொண்டே போனது. அக்கா தீவில் இல்லை என்ற நினைப்போடுதான் அப்பாவும் போனார், அம்மாவும் போனார். அக்காவிடமிருந்து ஒரு கடுதாசிகூட வரவில்லை. ஏன் வரவில்லை என்பது எனக்கே பிள்ளைகள் பிறந்த பிறகுதான் உறைத்தது.

இப்போது அந்தத் தோட்டம் இல்லை, வீடமைப்புப் பகுதியாகிவிட்டது. தலை முழுகுகிற வழக்கமும் எங்கள் பக்கம் ஒழிந்தது. என் சின்ன மகள் சீனப் பையனைக் கட்டிக்கொண்டாள், மண்டப வாசலில் பன்னீர் தெளித்தவனே நான்தான். போன விடுமுறையில் ஜொகூர் செனாயில் விமானம் ஏறிப் பினாங்கில் இறங்கி, சேவா காடி ஒன்றை எடுத்து நானே ஓட்டினேன். பாய் விரித்த இடத்தில் கடைவரிசை நிற்கிறது. அப்பா ஓரிடத்திலும் இறங்கவில்லை. நான் எல்லா இடத்திலும் இறங்கினேன், மானம் பார்க்காமல் வீடு வீடாகப் பேரைச் சொல்லிக் கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. இருந்தால் எண்பதை நெருங்கியிருப்பாள். அவளிடம் எனக்குச் சொல்ல இருப்பது கொஞ்சம்தான்: அக்கா, அப்பா உன்னைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பவில்லை. அவர் உன்னைப் பார்க்கவே இல்லை.