அலாரம் வந்தால் ஓகே

கம்ப்யூட்டர் சர்வீஸ் என்பது, நேற்று வாசல்வரை போய் வழியனுப்பி வைத்த விருந்தாளி இன்று காலையில் ஹாலில் உட்கார்ந்து காபி குடிப்பதைப் பார்க்கிற தொழில். இணையத்தைத் திறந்தால் நீங்கள் வைத்த ஹோம் பேஜ் வராது. எவனோ வைத்த பக்கம் வந்து நிற்கும். மாற்றினால் மறுபடி வரும். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த வருஷங்களில், ஓசூரில் ஒரு பழைய மொபெட்டில் சிடி பையை மாட்டிக்கொண்டு இந்தச் சனியனைத் துரத்துவதுதான் என் பிழைப்பு. நீங்களும் அப்போது மவுஸ் பிடித்தவராக இருந்தால் என் வயிற்றெரிச்சல் உங்களுக்கும் புரியும்.

துண்டு போர்த்திய மானிட்டர்

மூக்கண்டப்பள்ளியில் மல்லிகா அக்கா ஒரு பிரவுசிங் சென்டர் வைத்திருந்தார். கம்பெனியில் வருஷக்கணக்காக நின்றபடியே வேலை பார்த்துக் கால் வீங்கிப்போய், இனி உட்கார்ந்துதான் சம்பாதிப்பேன் என்று வேலையை விட்டுவிட்டுத் திறந்த கடை. நான் போனபோது எல்லா மானிட்டர் மேலும் துண்டு தொங்கியது. தூக்கிப் பார்த்தேன். எந்த மெஷினில் இணையத்தைத் திறந்தாலும், அரைகுறை உடையில் ஒரு வெள்ளைக்காரப் பெண் கண்ணடித்து வரவேற்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது, அக்காவுக்கு வரவில்லை. கட்டட ஓனர் ரெட்டி ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டு, இன்னொரு முறை இந்தக் கண்றாவியைப் பார்த்தால் கடையைக் காலி பண்ண வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அடுத்த வாரம் பிளஸ் டூ ரிசல்ட் வேறு. அன்றைக்கு அப்பா அம்மாக்களெல்லாம் பெண்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருவார்கள். அந்த நேரத்தில் இவள் கண்ணடித்தால் கடை அவ்வளவுதான், அக்கா மறுபடி கம்பெனியில் போய் நிற்க வேண்டும். நான் மத்தியானம் முழுக்க உட்கார்ந்து, கம்ப்யூட்டரின் அடிமடியான ரெஜிஸ்ட்ரி வரைக்கும் நோண்டி, அவளை வேரோடு பிடுங்கிவிட்டேன். ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன். விடிந்ததும் அக்காவிடமிருந்து போன்.

"தம்பி, அந்தம்மா திரும்பி வந்துட்டாங்க."

கவுடரின் நாய்க்குட்டி

அந்தம்மாவை இரண்டாவது தடவை துரத்திவிட்டு, அங்கிருந்து நேராக ஜூஜுவாடிக்குப் போனேன். லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருந்த கவுடருக்கும் இதே வியாதிதான், கொஞ்சம் முற்றிய நிலை. டூல்பார்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி உட்கார்ந்து, திரையில் பாதிக்கு மேல் அடைத்துக்கொண்டிருந்தன. மிச்சமிருந்த சந்தில் கவுடர் தலையைச் சாய்த்து மெயில் படித்துக்கொண்டிருந்தார். மடியில் அவருடைய சின்ன மகள். திரையின் மூலையில் ஒரு நாய்க்குட்டி ஓயாமல் வாலாட்டிக்கொண்டிருந்தது.

"யார் சார் இதுங்களையெல்லாம் உள்ளே விட்டது?" என்று கேட்டேன். அந்த வார உளைச்சலில் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. கவுடர் கோபித்துக்கொண்டார்.

"நானா கூப்பிட்டேன்? திரையில ஒரு பொட்டி வந்து, 'போட்டுக்கட்டுமா'ன்னு கேட்டுச்சு, சரின்னேன். தேடி வந்து கேக்கறவங்ககிட்ட முடியாதுன்னு எப்படிப்பா சொல்றது? நீ எல்லாத்தையும் எடு, நாய்க்குட்டியை மட்டும் விட்டுடு, இல்லாட்டி பாப்பா அழுவா."

முதல் ஷிப்ட் முடிகிற நேரம்

மொபெட்டில் திரும்பும்போதுதான் எனக்கு உறைத்தது. மல்லிகா அக்கா கடையிலும் யாரோ 'சரி' சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். நான் வாசல் வழியாகத் துரத்த, அவர்கள் கொல்லை வழியாகக் கூட்டிவருகிறார்கள். மறுநாள் மத்தியானம் பேப்பர் படிப்பது மாதிரி கடை மூலையில் உட்கார்ந்தேன். முதல் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்கள் ஆட்களை இறக்கிவிட்டன. யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் வந்து உட்கார்ந்தார்கள்.

எனக்குப் பக்கத்து மெஷினில் திருநெல்வேலிப் பக்கத்துப் பையன், முருகேசன். கம்பெனியில், திரையைப் பார்த்து பட்டன் அமுக்கி இரும்பு கடைகிற சிஎன்சி மெஷின் ஓட்டுகிறவன். மெயில் அடித்துக்கொண்டிருந்தான். திரையில் ஒரு பெட்டி குதித்தது. மெயிலிலிருந்து கண்ணை எடுக்காமலே ஓகே அமுக்கினான். இன்னொன்று வந்தது, அதற்கும் ஓகே. அவனுக்கு அடுத்தவனும் ஓகே. அதற்கடுத்தவனும் ஓகே. நான் எழுந்து போய் முருகேசன் கையைப் பிடித்து, ஒருதரமாவது படித்துப் பார்த்தாயா என்று கேட்டேன். என்னைப் பரிதாபமாகப் பார்த்தான்.

"அலாரம் வந்தா ஓகே அமுக்கணும்லா அண்ணாச்சி? அமுக்காட்டா மெஷின் நின்னுரும், சூப்பர்வைசர் வந்து ஏசுவாரு."

சிவப்பு அட்டை

நான் சிரித்த சிரிப்பில் அக்கா உள்ளேயிருந்து ஓடிவந்தார். ஒரு ஊர் முழுக்க ஓகே அமுக்கப் பழக்கி வைத்திருக்கிறார்கள். நான் ஒற்றை ஆளாக என்ன செய்ய? சரி, பழக்கத்தைப் பழக்கத்தால்தான் மடக்க வேண்டும் என்று முருகேசனிடமே கேட்டேன். பிளான்ட்டில் நீங்கள் எதைத்தான் தொடமாட்டீர்கள்? சிவப்பு அட்டை தொங்குகிற மெஷினை ஒருத்தனும் தொட மாட்டான், மெயின்டனன்ஸ் ஆள் வந்துதான் கழற்ற வேண்டும் என்றான்.

சாயங்காலமே சிவப்பு அட்டை வாங்கி வந்து, 'பெட்டி வந்தால் தொடாதே, மல்லிகாவைக் கூப்பிடு' என்று எழுதி ஒவ்வொரு மானிட்டரிலும் கட்டினோம். கட்டிய கையோடு, மறுபடி வந்திருந்த அந்தம்மாவையும் வெளியே தள்ளி, ஹோம் பேஜை வெற்றுப் பக்கமாக வைத்தேன். மறுநாள் கடையைப் பார்க்கக் கண் கோடி வேண்டும். பெட்டி வந்ததும் அத்தனை பேரும் மவுஸிலிருந்து கையை எடுத்துக் கட்டிக்கொண்டு, "மேடம், அலாரம்!" என்று கத்தினார்கள். பிரின்ட் எடுக்கட்டுமா என்று மெஷின் யோக்கியமாகக் கேட்டாலும் அதே கத்தல். அக்கா மூச்சு வாங்க ஒவ்வொரு மெஷினாக ஓடினார். முகமெல்லாம் சிரிப்பு.

"உக்காந்து சம்பாதிக்கலாம்னு கடை போட்டா, என்னை இப்படி ஓட வுட்டுட்டியே தம்பி!"

ரிசல்ட் நாள்

ரிசல்ட் அன்று காலையிலேயே போய்விட்டேன். கூட்டம் ரோடு வரைக்கும் நின்றது. அதை விலக்கிக்கொண்டு கட்டட ஓனர் ரெட்டி உள்ளே வந்தார், கூடவே அவர் மகள். அந்தப் பெண்ணுக்கும் அன்றைக்குத்தான் ரிசல்ட். ரெட்டி நேராக மூலை மெஷினுக்குப் போனார். அன்று அவர் எட்டிப் பார்த்த அதே மெஷின். இதைத் திற என்று கை காட்டினார். அக்கா என்னைப் பார்த்தார். நான் சாமியைக் கும்பிட்டேன். அக்கா கிளிக் பண்ணினார்.

வெள்ளை. சுத்தமான வெள்ளைப் பக்கம். ரெட்டி குனிந்து பார்த்தார், கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார், மானிட்டருக்குப் பின்னால்கூட எட்டிப் பார்த்தார். ஒன்றும் இல்லை. அப்புறம் நம்பரை அடித்து, சைட் திறக்காமல் இழுத்தடித்து, ஒருவழியாக மார்க் வந்தது. பாஸ், நல்ல மார்க்கும்கூட. அந்தப் பெண் துள்ளிக் குதித்துப் பக்கத்தில் நின்ற மல்லிகா அக்காவைக் கட்டிக்கொண்டது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, சொல்வதில் வெட்கமில்லை. ரெட்டி தொண்டையைச் செருமிக்கொண்டு அக்காவிடம் வந்தார்.

"லீவுல பாப்பா வீட்ல சும்மாதான் இருக்குது, நாளையிலருந்து இங்க அனுப்பறேன், கம்ப்யூட்டர் சொல்லிக் குடும்மா."

வெளியே போகும்போது அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார். திரையில் ஒன்றுமே வராததற்காகக் கைகுலுக்கல் வாங்குகிற தொழில் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.