கண்ணை மூடியிருந்த இருபது நிமிடம்

மகள் ஓவியக் கல்லூரியில் ஃபவுண்டேஷன் வகுப்பில் சேர்ந்த பிறகு, கிள்ளானில் உள்ள எங்கள் வீட்டில் பொருள்கள் மெல்ல மெல்ல வேறு எதுவாகவோ மாறத் தொடங்கின. முதல் பாடம், தாளைப் பார்க்காமல் வரைவது. காலையில் நானும் அவளும் ஒரே கொமுட்டர் ரயிலில் போவோம். பிரிக்பீல்ட்ஸில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் எனக்கு வேலை. எதிர் இருக்கையில் உட்கார்ந்து, என் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் வரைவாள். தாளில் என் மூக்கு கழுத்துக்கு இறங்கியிருக்கும். ஒரு கண் தனியாக மிதக்கும். ஷா ஆலம் தாண்டும்போது நான் கண்ணயர்ந்துவிட்டால், அந்த இடத்தில் கோடும் களைத்துப்போய்ச் சாய்ந்து கிடக்கும்.

அடுத்தது நாற்காலி. நாற்காலியை வரையக்கூடாது, அதன் கால்களுக்கு நடுவே தெரியும் காலி இடங்களை மட்டும்தான் வரைய வேண்டும் என்றாள். இரண்டு நாள் யாரும் அதைத் தொடக்கூடாது. என் கணவர் நின்றபடியே தேநீர் குடித்தார்.

"காலி இடத்த வரையறதுக்கு இருக்கிற ஒரு நல்ல நாற்காலியும் போச்சு" என்றார்.

"நீங்க நகந்தா நிழல் மாறுதுப்பா. அங்கேயே நில்லுங்க லா."

நானும் பார்த்தேன். நெடுநேரம் பார்த்தபோது நாற்காலி மறைந்து, வெளிச்சத் துண்டுகள் மட்டும் நின்றன. அந்த வாரம் முழுவதும் எதைப் பார்த்தாலும் அதன் இடைவெளிதான் முதலில் கண்ணில் பட்டது.

அந்த ஆண்டின் தொடக்கத்தில் என் கணவருக்கு மாரடைப்பு வந்திருந்தது. இரண்டு ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள். அதிலிருந்து அவர் எங்கே படுத்தாலும், நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்க்காமல் என்னால் அந்தப் பக்கம் போக முடிவதில்லை. அவருக்கும் அது தெரியும். சில சமயம் வேண்டுமென்றே பெரிதாக மூச்சு விட்டுக் காட்டுவார்.

ஒரு சனிக்கிழமை பாசாருக்குப் போய்விட்டுக் காய்கறிப் பைகளோடு திரும்பினேன். கதவு திறந்திருந்தது. கூடத்தில் பாய் விரித்து அவரைப் படுக்கவைத்திருந்தது. கால்கள் வாசலைப் பார்த்து நீண்டிருந்தன. எங்கள் வீட்டில் யாரும் அப்படிப் படுப்பதில்லை. தலையிலிருந்து தாடைக்கு அடியில் வெள்ளைத் துணி சுற்றிக் கட்டியிருந்தது. காதில் பஞ்சு. முகம் முழுவதும் வெள்ளை. கண்ணும் வாயும் இல்லை.

"என்னங்க" என்றேன். மறுபடி கூப்பிட்டேன். விரல்கூட அசையவில்லை.

பை எப்போது கீழே விழுந்தது என்று தெரியாது. மண்டியிட்டு, அந்த வெள்ளையை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். ஈரமாக, சூடாக இருந்தது. அந்தச் சூடுகூட எனக்கு எதையும் சொல்லவில்லை. நெற்றிப் பக்கம் பிய்ந்து வந்தது. அடியிலிருந்து அவர் "ஆ, புருவம்" என்று கத்தினார்.

மகள் குளியலறையிலிருந்து கிண்ணத்தோடு ஓடி வந்தாள். வீட்டில் ஒருவருடைய முகத்தை அச்சு எடுப்பது அவளுடைய பாடம். பிளாஸ்டர் தடவிய துணியைத் துண்டு துண்டாக நனைத்து முகத்தில் ஒட்டி, காய்ந்ததும் கழற்ற வேண்டும். ஞாயிற்றுக்கிழமைதான் செய்வேன் என்று சொல்லியிருந்தாள். வாசல் வெளிச்சம் நன்றாக இருக்கிறதென்று அன்றைக்கே தொடங்கிவிட்டாள். முடியில் ஒட்டாமல் இருக்கத் துணி, காதுக்குள் தண்ணீர் போகாமல் இருக்கப் பஞ்சு. காயும்வரை அசையக்கூடாது என்று அவள் சொன்னதை, வாழ்க்கையில் முதல்முறையாக அவர் கேட்டிருக்கிறார்.

"இன்னும் அஞ்சு நிமிஷம்தான்மா இருந்துச்சு" என்றாள். கையில் கிழிந்த துண்டு. "திங்கக்கிழமை கொடுக்கணும். இதுக்கு மார்க் இல்லன்னா பாஸ் பண்ண முடியாது."

"எனக்கு மாலை வாங்கிட்டு வந்தியா?" என்று அவர் என்னைக் கேட்டார். பாதிப் புருவம் போயிருந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. சிதறிக் கிடந்த காய்கறிகளைப் பொறுக்கிப் பையில் போட்டேன்.

"நாளைக்கு மறுபடி படுக்கிறேன்" என்றார்.

"நீங்க படுக்க வேணாம்" என்றேன். "நான் படுக்கிறேன்."

மறுநாள் மதியம் மகள் பாயைத் திருப்பிப் போட்டாள். கால் வாசலைப் பார்க்காதபடி. வெளிச்சம் சரியில்லை என்று அவள் சொல்லவில்லை. பிளாஸ்டர் ஒட்டாமல் இருக்க வாஸ்லின் தடவிய அவள் விரல்கள் என் இமைமேல் போய்வந்தன. குழந்தையாக இருந்தபோது பால் குடித்துக்கொண்டே இப்படித்தான் என் முகத்தைத் துழாவுவாள். பிறகு ஈரத்துணி, ஒவ்வொன்றாக. கண்மேல் வைத்தபோது கூடம் அணைந்தது. மூக்குத் துளை மட்டும் மிச்சம்.

இருபது நிமிடம் என்றாள். அவர் எங்கே இருக்கிறார் என்று பார்க்க முடியாது. வாய் திறந்து கேட்கவும் முடியாது. பிளாஸ்டர் மெல்லச் சூடாகி இறுகியது. முதலில் பயமாக இருந்தது. பிறகு ஒலிகள் வந்தன. சமையலறையில் குழாய். டப்பா மூடி. அவருடைய செருப்பு தேய்த்துத் தேய்த்து நடப்பது. நீர் கொதிப்பது. ஒரு செருமல். பிறகு நெடுநேரம் ஒன்றுமே இல்லை. எழுந்துவிட நினைத்தேன். மகளின் கை என் தோளில் லேசாக இருந்தது. கரண்டி கோப்பையில் தட்டியது. வெள்ளைக்குள் நான் எங்கோ மிதந்தேன். அந்தச் சத்தம் மட்டும் தொலைவில் ஒரு விளக்கு மாதிரி நகர்ந்துகொண்டிருந்தது. எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு, அவரைக் காவல் காக்காமல் தூங்கிப்போனேன்.

"உங்கம்மா குறட்டை விடுறா. பிளாஸ்டர் விரிசல் விடப்போகுது" என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் விழித்தேன்.

பருவத்தின் கடைசியில் கல்லூரியில் எல்லாருடைய வேலைகளையும் சுவரில் மாட்டியிருந்தார்கள். என் முகத்தில் வாய் சற்றே திறந்திருந்தது. அதன் பக்கத்தில், என் முகத்தோடு உரசாமல், நெற்றி கிழிந்த அவருடைய முகத்தையும் மாட்டியிருந்தாள். கிழிந்ததைக் கல்லூரியில் கொடுக்க மாட்டாள் என்றுதான் நினைத்திருந்தேன்.

அவருடைய முகத்தை அவளே சுவரிலிருந்து கழற்றி என்னிடம் கொடுத்தாள். உட்புறத்தைத் திருப்பிப் பார்த்தேன். மூக்கு இருந்த இடம் குழியாக, கன்னத்து மடிப்புகளோடு, அவர் இல்லாத அவருடைய வடிவம். நெற்றிப் பக்கம் ஏழெட்டுப் புருவ முடிகள் வெள்ளையில் பதிந்திருந்தன. என் விரல் அவற்றின்மேலேயே நின்றுவிட்டது.

பின்னால் நின்றிருந்தவர் பெரிதாக ஒரு மூச்சு விட்டுக் காட்டினார்.